சொந்தத் தேடுபொறி: ஒரு பி.காம் பையனின் லாப நஷ்டக் கணக்கு

பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் டாக்கர், கன்டெய்னர் என்றெல்லாம் எழுதினால், ஆபீசில் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் அண்ணன்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். தாராளமாகச் சிரிங்க. ஆனால் ஒன்று, கன்டெய்னர் என்ற சொல்லுக்கு முதல் பாத்தியதை எங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான். நீங்க பிறகு வந்து கடன் வாங்கிக்கொண்டு போனவர்கள்.

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன், லாரி முதலாளி. அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஆள் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டன்னுக்கு 5.83 டாலர் ஆன ஏற்றுக்கூலி பெட்டி முறையில் 16 சென்ட்டுக்கு இறங்கியது என்று கணக்கு சொல்வார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை, லாரிக்கும் தெரிய வேண்டியதில்லை. வெளி அளவு ஒன்றாக இருந்தால் போதும். எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள் எல்லாம் அந்த 58 பெட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான்.

2013-ல் டாக்கர் வந்தபோது அதே யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவையான நூலகங்கள், அமைப்புகள், குட்டிக் குட்டிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவது. யாருடைய கணினியில் இறக்கினாலும் அப்படியே ஓடும். "என் மெஷின்ல ஓடுச்சே" என்ற சாக்கு போக்குக்கு இடமில்லை. டாக்கரின் சின்னமே முதுகில் கன்டெய்னர் சுமக்கும் திமிங்கலம்தான், பார்த்திருப்பீர்கள்.

இதை முழுக் கணினியைப் பாவனை செய்யும் மெய்நிகர் இயந்திரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கன்டெய்னருக்குள் தனி இயங்குதளக் கரு கிடையாது. கீழே இருக்கும் லினக்ஸ் கருவையே எல்லாப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்ளும். எந்தப் பெட்டிக்கு எது கண்ணில் பட வேண்டும் என்பதை ஒரு வசதியும், எவ்வளவு நினைவகமும் செயலியும் தர வேண்டும் என்பதை இன்னொரு வசதியும் பார்த்துக்கொள்கின்றன. இந்த இரண்டாவது வசதியை 2006-ல் எழுத ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமா? கூகுள் பொறியாளர்கள். கூகுளிடமிருந்து தப்பிக்க நாம் ஓட்டப்போகும் பெட்டியின் அடிப்பலகையே கூகுள்காரர்கள் அடித்த ஆணியில்தான் நிற்கிறது. (இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கவில்லை.)

சரி, பீடிகை போதும். விஷயத்துக்கு வருவோம்.

சியர்எக்ஸ்என்ஜி என்று ஒரு மென்பொருள். வாயில் நுழையாத பெயர்தான், என்ன செய்வது. ஆடம் டாபர் என்பவர் ஆரம்பித்த சியர்க்ஸ் என்ற திட்டத்திலிருந்து 2021-ல் கிளை பிரிந்தது. தாய்த் திட்டம் 2023-ல் மூடப்பட்டுவிட்டது, பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது. இது தானாக இணையத்தைத் தேடாது. நீங்க கேட்பதை வாங்கிக்கொண்டு கூகுள், பிங், டக்டக்கோ, விக்கிப்பீடியா என்று பல இடங்களில் உங்கள் சார்பில் கேட்டு, வந்த பதில்களைச் சேர்த்து அடுக்கி ஒரே பக்கமாகக் கொடுக்கும். நம்ம ஊர் மொழியில் சொன்னால் மண்டித் தரகர். விளைவிப்பது வேறு ஆள், வாங்குவது வேறு ஆள், நடுவில் இவர். விளம்பரம் கிடையாது, உங்கள் குக்கீயை அந்தப் பக்கம் அனுப்பாது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு உலாவி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போகும். இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்று, அதில் டாக்கர். பெட்டியை இறக்க ஒரு கட்டளை, ஓட்ட ஒரு கட்டளை. பெட்டி தன் உள்ளே 8080 என்ற போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கும், அதை உங்கள் கணினியின் ஒரு போர்ட்டோடு இணைக்க வேண்டும். அமைப்புக் கோப்பு இருக்கும் கோப்புறையைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்க. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு இறக்கும்போது உள்ளே இருந்ததெல்லாம் அதோடு போய்விடும். வாடகை வீட்டில் ஆணி அடித்து மாட்டியது மாதிரி இல்லாமல், நம் சாமான் நம் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் ரகசியச் சாவி என்று ஒரு வரி வரும். முன்னிருப்பாக இருக்கும் வார்த்தை உலகத்துக்கே தெரிந்த வார்த்தை. அதையே வைத்தால் மென்பொருள் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் தேவை. டாக்கரில் போர்ட் எண்ணை மட்டும் சொல்லிவிட்டால் அது கணினியின் எல்லா வாசலிலும் கதவைத் திறந்து வைத்துவிடும். லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் எளிய தீச்சுவரில் "உள்ளே விடாதே" என்று விதி எழுதியிருந்தாலும், டாக்கர் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் திறக்கும். ரொம்பப் பேருக்கு இது தெரிவதில்லை. உங்களுக்கு மட்டும்தான் என்றால் 127.0.0.1 என்று முன்னால் போட்டு இணையுங்க. வீட்டுக்குள் எல்லோருக்கும் என்றால் வீட்டு நெட்வொர்க் முகவரியைப் போடுங்க. இணையத்தில் திறந்துவிட்டால் ஊரிலுள்ள ரோபோ எல்லாம் உங்கள் தரகரிடம் வந்து வரிசையில் நிற்கும்.

இனிதான் என் வாதம். இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர், சொந்தத் தேடுபொறி வைத்துவிட்டால் உங்களை யாரும் பார்க்க முடியாது என்ற தொனியில் எழுதுகிறார்கள். தப்பு. உங்கள் வீட்டு லேப்டாப்பில், உங்கள் வீட்டு இணைப்பில், நீங்க ஒருத்தர் மட்டும் ஓட்டினால், அந்தப் பக்கம் போய்ச் சேரும் ஐபி முகவரி உங்களுடையதேதான். தரகர் முகமூடி போட்டிருக்கிறார் சரி, ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்துதானே தினமும் கிளம்புகிறார்? ஒரே வாடிக்கையாளர் உள்ள தரகரின் கணக்கைப் பார்க்க ஆடிட்டர் தேவையில்லை. குக்கீ போகவில்லை, கணக்குப் பெயர் போகவில்லை என்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி லாபம். பதில்களில் ஒன்றைச் சொடுக்கிப் போனால் அந்தத் தளத்துக்கு உங்களை நேராகவே தெரியும், அங்கே தரகர் கூட வர மாட்டார்.

மீதிப் பாதி எப்போது வரும் என்றால், பலர் ஒரே தரகரிடம் போகும்போது. ஐந்து பேர் தேடுவது ஒரே வாசலிலிருந்து கலந்து போனால் எது யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். தனியுரிமை என்பது கூட்டத்தில்தான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் மாதிரி, தனியாளாக நடத்த முடியாது.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நாங்கள் ஐந்து பேர் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். பிராஜெக்ட், டைப்பிங் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு லேப்டாப். போன வருஷம் அந்த லேப்டாப்பில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் டயாலிசிஸ் சென்டர், கிட்னி மருத்துவமனை, மருத்துவக் காப்பீடு என்று விளம்பரம். இரண்டு நாள் எல்லோரும் கிண்டல் அடித்தோம், "யாருக்குடா கிட்னி போச்சு" என்று. எங்களில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம், தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவன் எங்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவன்தான் முடிவு பண்ணியிருக்க வேண்டும். முடிவு பண்ணியது ஒரு விளம்பரப் பெட்டி.

"இன்காக்னிட்டோ ஜன்னல்ல தேடியிருந்தா முடிஞ்சுது" என்று நீங்க சொல்வது கேட்கிறது. உண்மைதான், அந்த லேப்டாப் சங்கதிக்கு அது போதும். ஆனால் அந்த ஜன்னல் மூடுவது பக்கத்து ஆளின் கண்ணை, கம்பெனியின் கண்ணை அல்ல. கூகுள் மீது அமெரிக்காவில் இதற்காகவே போட்ட வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்தது. மறைநிலை ஜன்னலில் உலாவியவர்களைப் பற்றிச் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டார்கள். அழிக்க ஒப்புக்கொண்டார்கள் என்றால் அதுவரை இருந்தது என்று அர்த்தம்!

தேடல் பட்டியல் எவ்வளவு பேசும் என்பதற்கு 2006-ல் நடந்ததைவிட வேறு சாட்சி வேண்டாம். ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, ஆறரை லட்சம் பேரின் சுமார் 2 கோடித் தேடல்களை இணையத்தில் போட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்திருந்தார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு வயதான பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அந்த அம்மா தேடியிருந்ததில் நோய்கள் இருந்தன, நாய் இருந்தது, ஊர் பெயர் இருந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஏஓஎல்லின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார்.

ஆக, அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு பழைய லேப்டாப்பை எடுத்து, கன்டெய்னரை இறக்கி, ஐந்து பேரின் போனிலும் கணினியிலும் அதையே முன்னிருப்புத் தேடுபொறியாக வைத்தாயிற்று. முதல் வாரமே ஒருத்தன் கேட்டான்: "மச்சான், இதுல யார் என்ன தேடுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பதிவையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிய வைக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். பெட்டியை ஓட்டுகிறவன் கையில் பெட்டியின் லாக் இருக்கிறது. தேடும் சொல் முகவரியோடு ஒட்டிக்கொண்டு போகும்படி அமைத்தால், அது லாக்கில் வரிவரியாக விழும். எவ்வளவோ தூரத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு என் நண்பனின் அப்பாவைப் பற்றித் தெரிவதைவிட, அடுத்த பாயில் படுத்திருக்கும் எனக்குத் தெரிவதில்தான் அவனுக்கு உடனடிச் சங்கடம். பெரிய கூகுளை விரட்டிவிட்டு வீட்டுக்குள் குட்டி கூகுளை உட்கார வைத்தால் என்ன பிரயோஜனம்? பொதுச் சேவையாக யார் யாரோ நடத்தும் சியர்எக்ஸ்என்ஜி தளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கேள்விதான். நடத்துகிறவர் நல்லவர் என்று நம்புவதைத் தவிர உங்களிடம் வேறு ரசீது கிடையாது.

எங்க வீட்டில் செய்த ஏற்பாடு இது. சொல்லை முகவரியில் ஒட்டாமல் அனுப்பும் போஸ்ட் முறையைத் தேர்ந்தெடுத்தோம். கன்டெய்னரின் லாக்கை டாக்கர் அளவிலேயே நிறுத்திவிட்டோம், அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. லேப்டாப்பின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் பாதி பாதியாக. செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது மாதிரி. ஆடிட்டிங் பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று ஒரு அத்தியாயம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள்: பணத்தைக் கையாளுகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒருத்தனாக இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். ஹி ஹி.

செலவுக் கணக்கு. மூடி வைத்த பழைய லேப்டாப் 15 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். எங்க ஹவுஸ் ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் (வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருவதெல்லாம் அவருக்குப் பொருந்தாது போலிருக்கிறது). 194 ரூபாய் சொச்சம். தலைக்கு 39 ரூபாய். லேப்டாப்பின் புத்தக மதிப்பு தேய்மானம் போய்ப் பூஜ்யத்துக்கு வந்து ரொம்ப நாளாயிற்று. இலவச மென்பொருளில் மறைந்திருக்கும் பெரிய செலவு நேரம்தான். வாரத்துக்குப் பத்து நிமிஷமாவது இதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மல்லுக்கட்டு ஏன் என்றால், மண்டிக்காரர்களுக்குத் தரகரைப் பிடிப்பதில்லை. அடிக்கடி போனால் "நீ மனுஷன்தானா" என்று படம் காட்டிக் கேட்பார்கள். உடனே சியர்எக்ஸ்என்ஜி அந்தத் தேடுபொறியைக் கொஞ்ச நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றிடம் கேட்கும். 2025 ஜனவரியில் கூகுள் தன் தேடலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம் என்று ஆக்கியது. அதே வருஷம் ஆகஸ்ட் 11-ல் மைக்ரோசாஃப்ட் பிங்கின் தேடல் இடைமுகச் சேவையை மூடியது. காசு கொடுத்து முறையாக வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே கதவு அடைபட்டது என்றால் ஓசியில் வாங்குகிறவன் கதி?

ஆமாம், ஓசிதான். அதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் நடந்த வழக்கு விசாரணையில் கூகுளின் உயர் அதிகாரி ஒருவர், 2020 வாக்கில் தங்கள் அட்டவணையில் சுமார் 40,000 கோடி ஆவணங்கள் இருந்ததாகச் சொன்னார். அதைச் சேர்க்க எத்தனை கட்டடம், எத்தனை மின்சாரம்! அந்த விளைச்சலை விளம்பரம் பார்க்காமல் அள்ளிக்கொண்டு வருகிறது நம் பெட்டி. எல்லோரும் இப்படிச் செய்தால் கடை எப்படி நடக்கும் என்று பொருளாதார வாத்தியார் கேட்பார், நியாயமான கேள்வி. அவர்களுடைய விதிமுறைகளும் தானியங்கித் தேடலை அனுமதிப்பதில்லை.

என் பதில் முழுப் பதில் இல்லை, ஆனால் இருக்கிறது. அந்தக் கடை போட்டியில் ஜெயித்து மட்டும் பெரிதானது இல்லை. உலாவிகளிலும் போன்களிலும் தாங்களே முதலில் நிற்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. 2022-ல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, இது சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்ட ஏகபோகம் என்று தீர்ப்பே எழுதினார். 2025 செப்டம்பரில் வந்த பரிகார உத்தரவு, பிரத்தியேக ஒப்பந்தம் போடக் கூடாது என்றது, தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுக்குத் தரச் சொன்னது, ஆனால் காசு கொடுப்பதை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. முன்னிருப்பு என்ற ஒற்றை இடத்துக்கு இவ்வளவு விலை என்றால், அந்த இடத்தில் உட்கார வைக்கப்படும் நம் மதிப்பு எவ்வளவு என்று யோசிங்க. ஐந்து பையன்கள் அலமாரி மேல் வைத்த லேப்டாப்பால் அந்தக் கடை மூடப்போவதில்லை. ஐந்து கோடிப் பேர் செய்தால் அன்றைக்கு வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தவன் வயலில் அள்ளாமல் தானே உழ வேண்டும் என்கிற கொள்கைக்காரர்களுக்கு 2003-லிருந்து இருக்கும் யாசி என்ற திட்டம் உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் இணையத்தை வாரி அட்டவணை போட்டுப் பகிர்ந்துகொள்வது. அதையும் கன்டெய்னரில் இறக்கலாம். அது தரும் பதில்கள் வயிற்றை நிரப்பாது, ஆனால் கொள்கை நிரம்பும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆதாயம். மொழியைத் தமிழ் என்று வைத்தால் விக்கிப்பீடியா பெட்டி தமிழ் விக்கியிலிருந்து வருகிறது, நம் சொல்லை ஆங்கிலமாக்கி வியாக்கியானம் செய்து நம் தலையில் கட்டுவதும் குறைவு. ஆனால் "கடன்" என்று தேடினால் வருவது "கடனுக்கு" என்று தேடினால் வராத வியாதி இங்கேயும் இருக்கிறது. அது தரகர் தீர்க்கிற வியாதி இல்லை, மண்டியில் தீர்க்க வேண்டியது.

ஓட்டலாமா வேண்டாமா என்றால், தனியாள் தனியுரிமைக்காக மட்டும் மெனக்கெட வேண்டாம், விளம்பரம் இல்லாத பக்கத்துக்காகவும் கற்றுக்கொள்ளவும் என்றால் ஓட்டுங்க. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்கள் என்றால் கண்டிப்பாக ஓட்டுங்க, ஆனால் லாக்கை என்ன செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு. நண்பனின் அப்பாவுக்கு இப்போது திங்களும் வியாழனும் டயாலிசிஸ் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்று அவனே எங்களிடம் கேட்டான், ஐந்து பேரும் அந்தப் பெட்டியில்தான் தேடினோம். மறுநாள் பொது லேப்டாப்பில் செருப்பு விளம்பரம்தான் வந்தது.

மே மாதம் வீட்டைக் காலி பண்ணும்போது அந்த அலமாரி லேப்டாப் யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கூட்டாண்மைக் கலைப்பு அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.